முன் கண்ணாடி பீடிங்: மழைக்கு முன் வந்த கேள்விகள்

ஐப்பசி நெருங்கினாலே எனக்கு வரும் கேள்விகளில் பாதி, முன் கண்ணாடி ஓரத்தில் ஒழுகுவதைப் பற்றியும், அதைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையான பீடிங்கைப் பற்றியும்தான் இருக்கும். இந்த முறை பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் கேட்டவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

திருவான்மியூரில் இருக்கிறேன். என் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயரில் கண்ணாடி பீடிங் கீழ் மூலைகளில் வெடித்துவிட்டது. சிலிகான் வைத்து இந்த மழையை ஓட்டிவிடலாமா சார்?

வேண்டாம். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். இரும்புத் தகட்டுக்கு அது ஆகாது. அதோடு, ஏற்கெனவே உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லாமல் போய்விடும். வெயிலும் காற்றில் இருக்கும் ஓசோனும் நாளடைவில் ரப்பரை இறுக்கிச் சுருக்கும். அதனால்தான் மூலைகளில் முதலில் விடுகிறது. உங்கள் வீடோ கடலுக்குப் பக்கம். கண்ணுக்குத் தெரியும் வெடிப்பைவிட, பீடிங்குக்கு அடியில் மறைந்திருக்கும் துருதான் எனக்குக் கவலை. ரப்பர் போனால் புதிது வாங்கலாம். கண்ணாடி உட்காரும் தகட்டு விளிம்பு அரித்துப்போனால் வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும். மாற்றும் வரை காரைக் கூரைக்குக் கீழே நிறுத்துங்கள். பிளாஸ்டிக் கவர் போட்டு இறுக்கி மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும்.

ஸ்பிட்ஃபயரும் ஹெரால்டும் ஒரே குடும்பம் என்கிறார்கள். நம்ம ஊரிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் பீடிங் பொருந்துமா? புதுப்பேட்டையில் மீட்டர் கணக்கில் வாங்கலாமா?

உறவு உண்மைதான். ஹெரால்டின் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயரை 1962இல் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்த உறவு கண்ணாடி வரை வராது, பாடியே வேறு. புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ உள்ள உதிரிபாகக் கடைகளில் தேடுவதென்றால், பழைய பீடிங்கில் நாலு விரல் நீளம் வெட்டி எடுத்துப்போங்கள். வெட்டு முகத்தை வைத்துப் பாருங்கள். கண்ணாடி நுழையும் பள்ளமும் தகடு நுழையும் பள்ளமும் இரண்டுமே ஒத்துவர வேண்டும். வெறும் ரப்பர் என்று வாங்காமல் ஈபிடிஎம் என்னும் செயற்கை ரப்பரைக் கேட்டு வாங்குங்கள். வெயிலையும் ஓசோனையும் அது நன்றாகத் தாங்கும். இருந்தாலும் மூலை வளைவோடு அச்சில் வார்த்த பீடிங் உங்கள் மாடலுக்கே கிடைக்குமானால், கூடுதல் விலை கொடுத்து அதையே வாங்குங்கள் என்பேன்.

கூரை மூடிய எம்ஜிபி ஜிடி கார் வைத்திருக்கிறேன். நானும் தம்பியும் வீட்டிலேயே மாற்ற முடியுமா?

முடியும். ஒரு நாளில் முடித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

பழைய பீடிங்கைக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம். வெளி உதட்டைக் கத்தியால் சுற்றி அறுத்து எடுத்துவிட்டால் கண்ணாடி தானாகத் தளரும். நெம்பினால் லேமினேட்டட் கண்ணாடி (நடுவில் பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி) ஓரத்திலிருந்து விரிசல் விடும். இப்போது தகட்டு விளிம்பைப் பாருங்கள், குறிப்பாகக் கீழ் மூலைகளை. துருவை வெள்ளைத் தகடு தெரியும்வரை சுரண்டி, எபாக்சி பிரைமர் அடித்து, பெயின்ட் முழுதாகக் காயும்வரை விடுங்கள். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். பட்டி பூசி மேடு விழுந்தால் புது பீடிங் உட்காராது.

அப்புறம் மாட்டுவது. பீடிங்கை முதலில் கண்ணாடியைச் சுற்றிப் போடுங்கள். தகடு நுழைய வேண்டிய பள்ளத்துக்குள் 4 மில்லிமீட்டர் கனமான நைலான் கயிற்றைச் சுற்றிவைத்து, இரு முனைகளும் கீழே நடுவில் ஒரு சாண் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, காருக்குள் தொங்கும்படி விடுங்கள். சோப்புத் தண்ணீர் தாராளமாகத் தடவுங்கள். கிரீஸும் வாசலைனும் கூடாது, ஈபிடிஎம் ஊதிப்போகும். தம்பி வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்த, நீங்கள் உள்ளிருந்து கயிற்றை மெதுவாக இழுத்தால் ரப்பரின் உதடு தகட்டின்மேல் ஏறிக்கொண்டே போகும். இழுக்கும் இடமும் அழுத்தும் இடமும் நேருக்கு நேர் இருக்க வேண்டும். ஓரிடத்தில் அடம்பிடித்தால் நிறுத்துங்கள். சில கார்களில் பளபளப்புப் பட்டையை முன்கூட்டியே ரப்பரில் செருகிவிட வேண்டும், சிலவற்றில் கடைசியில். உங்கள் வொர்க்‌ஷாப் மேனுவலைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

வெயிலின் சூட்டில் புது ரப்பர் இளகும், அதனால் காலை பத்து மணிக்கு மேல் ஆரம்பிப்பது நல்லது.

திறந்த எம்ஜிபி ரோட்ஸ்டருக்கும் இதே முறையா?

இல்லை. அதில் கண்ணாடி அலுமினியச் சட்டத்துக்குள் இருக்கிறது. சட்டத்தையே பாடியிலிருந்து கழற்றி மேசையில் வைத்துப் பிரிக்க வேண்டும்.

கண்ணாடி ஓரத்தில் பால் மாதிரி வெள்ளை படர்கிறது. புது பீடிங் போட்டால் போகுமா?

போகாது. இரண்டு கண்ணாடிக்கு நடுவே இருக்கும் பிளாஸ்டிக் ஏடு ஈரத்தில் பிரிந்துவிட்டது. எப்படியும் கழற்றத்தான் போகிறீர்கள், கண்ணாடியையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

எம்ஜிபிக்குப் புது பீடிங் போட்டும் கால் வைக்கும் இடம் நனைகிறதே?

பீடிங்காகவே இருக்க வேண்டியதில்லை. கண்ணாடிக்கு முன்னால் காற்று உள்ளே போகும் ஜாலிக்கு அடியில் ஒரு அறை உண்டு. அதில் சேரும் மழைநீர் ஒரு குழாய் வழியாகக் கீழே இறங்கும். அது இலை, மண் அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஹீட்டர் வழியாகக் காருக்குள் வரும். வேப்பமரத்தடியில் நிறுத்துகிறீர்களா? அப்படியானால் முதலில் அதைப் பாருங்கள். வைப்பர் தண்டைச் சுற்றியுள்ள ரப்பரையும் பாருங்கள். அதற்கும் பிறகு ஒழுகினால், கண்ணாடி ஓரத்தின் உள்பக்கம் டால்கம் பவுடர் தூவி, ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். ஹோஸ் தண்ணீரைக் கீழ் ஓரத்தில் ஐந்து நிமிடம் விட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுபோங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து, எது ஓட்டை என்றே தெரியாது.