சூழல், ஆற்றல், நீர் மேலாண்மையை இணைத்தல்: கேள்வி பதில்

கேள்வி (ஈரோடு, தரப்பிரிவு): சூழல் மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 14001, ஆற்றலுக்கான 50001 ஆகிய தரநிலைகளோடு நீருக்கான 46001-ஐயும் சேர்க்கவிருக்கிறோம். மூன்றுக்கும் ஒரே கையேடு போதுமா?

பதில்: போதும். 2015, 2018, 2019-ஆம் ஆண்டுகளின் இப்பதிப்புகள் மூன்றும் ஒரே பத்துப் பிரிவு அமைப்பில் எழுதப்பட்டவை என்பதால், ஆவணக் கட்டுப்பாடு, உள்தணிக்கை, நிர்வாக மீளாய்வு ஆகியவற்றை ஒருமுறை எழுதினால் போதும். ஆனால் நீராவி, மின்சாரம், தண்ணீர் மீட்டர்களின் அளவுகளை ஒரே தாளில் எழுதத் தொடங்கிய பிறகே கையேட்டைத் தொடுங்கள்.

கேள்வி (திருப்பூர், சாயப்பட்டறையின் ஈடிபி, அதாவது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையப் பொறுப்பாளர்): கழிவுநீரை முழுமையாக மீட்கிறோம். நீராவிச் செலவு கூடிவிட்டதென்று ஆற்றல் பிரிவு எங்களைக் குறை சொல்கிறது. இது நியாயமா?

பதில்: கணக்கு சரி, குறை சொல்லும் இடம்தான் தவறு. ஆயிரம் லிட்டர் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 627 மின் யூனிட்டுக்கு ஈடான வெப்பம் வேண்டும். பலகட்ட ஆவியாக்கி அதைப் பல மடங்கு குறைத்தாலும், ஆர்ஓ சவ்வு வடிகட்டி ஒதுக்கி ஆவியாக்கிக்கு அனுப்பும் உப்புநீரின் அளவே செலவைத் தீர்மானிக்கிறது. அந்த உப்பு எங்கிருந்து வருகிறது? சாயமேற்றும் பிரிவு வாங்கும் மூட்டைகளிலிருந்து. குறைந்த உப்பில் ஏறும் சாயத்தையும், துணிக்குக் குறைந்த நீர் பிடிக்கும் இயந்திரத்தையும் தேர்ந்தெடுப்பவர் உங்கள் கூட்டத்துக்கே வருவதில்லை. முதலில் அவரை அழையுங்கள்.

கேள்வி (கோவை, ஆற்றல் தணிக்கையாளர்): விறகும் நிலக்கரியும் எரித்து நீரை மீட்பதைவிட, சுத்திகரித்து ஆற்றில் விடுவதே சூழலுக்கு நல்லதல்லவா?

பதில்: இல்லை. உயிரியல் சுத்திகரிப்பு கரைந்த உப்பை நீக்காது. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் உப்பேறிய சாயநீர் தேங்கியதை நொய்யல் விவசாயிகளிடம் கேட்டுப் பாருங்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகும் இக்கேள்வி எழுவது எனக்கு வியப்பளிக்கிறது.

மீண்டும் அவரே: ஆனால் எரிப்பதால் வரும் கரியமில வாயுவை யார் கணக்கிடுவது?

பதில்: நீங்கள்தான். நீராவி குளிர்ந்து உண்டாகும், கொதிநிலைக்கருகே இருக்கும் வடிநீர் வீணே சாக்கடைக்குப் போகிறதா என்பதிலிருந்து தொடங்குங்கள். 90 பாகையில் திரும்பும் ஆயிரம் லிட்டர், 30 பாகை நீரைவிட ஏறத்தாழ 70 யூனிட் வெப்பத்தைக் கூடுதலாகக் கொண்டுவருகிறது, தண்ணீரும் மிச்சமாகிறது.

கேள்வி (ஓசூர்): மூன்றுக்கும் ஒரே கையேடு போதுமா?

பதில்: முதல் பதிலைப் படிக்கவும்.

கேள்வி (சென்னை, அலுவலக வளாகம்): கூலிங் டவரில் சுழற்சியை (நிரப்பும் நீரைவிடச் சுழலும் நீரில் உப்பு எத்தனை மடங்கு செறிகிறது என்பதை) 3-லிருந்து 6-ஆக உயர்த்தினால் என்ன மிச்சமாகும்?

பதில்: ஆவியாகும் அளவு மாறாவிட்டால், நிரப்பும் நீரில் ஐந்திலொரு பங்கு. ஆனால் உப்புப் படிந்தால் சில்லரின் (ஏசிக்கான குளிர்விப்பு இயந்திரத்தின்) மின்செலவு ஏறும். நிரப்பும் குழாயிலும் வெளியேற்றும் குழாயிலும் சில்லரிலும் மீட்டர் பொருத்தாமல் சுழற்சியை உயர்த்தாதீர்கள்.