வாசகர் கேள்விகள்: ஸ்டோரி பாயின்ட் கணக்கு ஏன் பிசகுகிறது?

கேள்வி: எங்கள் மென்பொருள் குழுவில் ஒவ்வொரு வேலையின் அளவையும் ஸ்டோரி பாயின்ட் என்ற எண்ணால் குறிக்கிறோம்; ஒரு பாயின்ட் என்றால் எட்டு மணி நேரம். ஆனாலும் ஒவ்வொரு ஸ்பிரின்டிலும் (குறுகிய, நிலையான கால வேலைச் சுற்று) கணக்கு உதைக்கிறது. எங்கே தவறு?

அந்தச் சமன்பாட்டில்தான். பழகியவர் அரை நாளில் முடிப்பதைப் புதியவர் இரண்டு நாளில் முடிப்பார். அப்படியிருக்க, நீங்கள் சொல்லும் எட்டு மணி நேரம் யாருடையது? "இந்த வேலை அதைப்போல் இரண்டு மடங்கு இருக்கும்" என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து ஒத்துப்போகும். பாயின்ட் அளப்பது அந்த விகிதத்தைத்தான்.

ஏற்கெனவே முடித்த, எல்லோருக்கும் நன்றாக நினைவிருக்கும் இரண்டு வேலைகளை எடுங்கள். சிறியதற்கு 3, பெரியதற்கு 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய வேலை வரும்போது இரண்டோடும் ஒப்பிடுங்கள். முதலாவதைவிடப் பெரிது, இரண்டாவதைவிடச் சிறிது என்றால் 5. ஒப்பிடும்போது வேலையின் அளவு, அதன் சிக்கல், இன்னும் தெளிவாகாத பகுதி ஆகிய மூன்றையும் சேர்த்தே பாருங்கள். டெஸ்டிங்கை விட்டுவிடாதீர்கள்; பல குழுக்களின் கணக்கு சரிவது அங்கேதான். குழு வேகம் பிடித்துவிட்டது என்று அளவுகோலை மாற்ற வேண்டாம். வேலையின் அளவு அப்படியேதான் இருக்கிறது, கூடியது வெலாசிட்டி, அதாவது ஒரு ஸ்பிரின்டில் குழு முடிக்கும் பாயின்ட்.

கேள்வி: பிளானிங் போக்கரில் (எண் கார்டு காட்டி வேலையின் அளவை மதிப்பிடும் முறை) சீனியர் சொல்லும் எண்ணையே மற்றவர்களும் சொல்கிறார்கள். கார்டுகளில் 6, 7 எல்லாம் ஏன் கிடையாது?

முதலில் காதில் விழும் எண்ணை மனம் பிடித்துக்கொள்ளும். அதனால்தான், ஜேம்ஸ் கிரெனிங் 2002-இல் எழுதிய இந்த முறையில் யாரும் முன்கூட்டியே எண்ணை வாய்விட்டுச் சொல்வதில்லை. ப்ராடக்ட் ஓனர் (எந்த வேலை முதலில் என்று முடிவுசெய்பவர்) வேலையை விளக்குவார். சந்தேகங்கள் தீர்ந்தபின் ஒவ்வொருவரும் கார்டைக் கவிழ்த்து வைத்து, ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும்.

ஒருவர் 3, இன்னொருவர் 13 காட்டினால் அவர்கள் இருவரும்தான் முதலில் பேச வேண்டும். 13 காட்டியவருக்குப் பழைய தரவை இடம் மாற்றும் வேலை தெரிந்திருக்கலாம். 3 காட்டியவருக்குக் கைவசம் உள்ள நிரல் தெரிந்திருக்கலாம். சராசரி போட்டு 8 என்று எழுதினால் இரண்டு தகவலுமே புதைந்துவிடும். பேசிவிட்டு மறுபடி கார்டு போடுங்கள். 5-க்கும் 8-க்கும் நடுவே இழுபறி என்றால் பெரியதை எடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடலாம்.

கார்டுகளில் 1, 2, 3, 5, 8, 13 வரை ஃபிபொனாச்சி வரிசை, அதாவது முந்தைய இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்தது. அதற்குமேல் பெரும்பாலும் 20, 40, 100. வேலை பெரிதாக ஆக நம் மதிப்பீட்டின் துல்லியம் குறைகிறது, அதற்கேற்ப இடைவெளியும் கூடுகிறது. 20 விழுந்தால் வேலையை உடையுங்கள். எப்படி உடைப்பது என்றே தெரியவில்லையா? ஒருநாள், இரண்டு நாள் என்று வரம்பு வைத்து ஸ்பைக் (தெரியாததைத் தெரிந்துகொள்ளும் சிறு ஆய்வு) செய்துவிட்டுத் திரும்புங்கள்.

கேள்வி: பக்கத்துக் குழு 40 பாயின்ட் முடிக்கிறது, நாங்கள் 21 என்று மேலாளர் ஒப்பிடுகிறார்.

ஒப்பிடக்கூடாது, இரு குழுக்களின் அளவுகோலும் வேறு. நெருக்கினால் 3 எல்லாம் 5 ஆகும், வேலை மட்டும் கூடாது. அவருக்குத் தேவை தேதி என்றால் வரம்பாகக் கொடுங்கள். கடந்த மூன்று ஸ்பிரின்டில் 18, 25, 21 முடித்திருக்கிறீர்கள், பேக்லாகில் (இனிச் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல்) 130 மிச்சம் என்றால், 6 முதல் 8 ஸ்பிரின்ட் ஆகும். பாதியில் நிற்கும் வேலைக்கு வெலாசிட்டியில் பாயின்ட் சேர்க்காதீர்கள்.

கேள்வி: 80 வேலைகளுக்கு ஒரே நாளில் அளவு போட முடியுமா?

முடியும், ஆனால் போக்கர் வேண்டாம். வேலைகளைத் தனித்தனிச் சீட்டில் எழுதி, சீட்டுகளைச் சுவரில் இடப்பக்கம் சிறியது, வலப்பக்கம் பெரியது என்று பேசாமல் அடுக்குங்கள். யார் வேண்டுமானாலும் எந்தச் சீட்டையும் நகர்த்தலாம். இங்கும் அங்கும் போய்வரும் சீட்டுகளை மட்டும் தனியே எடுத்து விவாதியுங்கள்.