முன்னால் 'நோ ஆடட் சுகர்', பின்னால் பேரீச்சம்பழ சிரப்: வழக்குப் போடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, பல வருடமாகச் சர்க்கரை நோய். 'நோ ஆடட் சுகர்' என்று பெரிதாகப் போட்டிருந்த கேழ்வரகு பிஸ்கட்டை சூப்பர் மார்க்கெட்டில் இரண்டு மாதமாக வாங்கிக் கொடுத்தேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை 130-லிருந்து 190-க்கு ஏறிவிட்டது. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் மூன்றாவது சேர்மானமே பேரீச்சம்பழ சிரப், அப்புறம் மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுப்பொருளிலிருந்து எடுக்கும் ஒரு தூள்). கடைக்காரரோ, "பின்னாடி எல்லாம் போட்டிருக்குல்ல, படிச்சுட்டு வாங்கணும்" என்கிறார். சட்டப்படி அவர் சொல்வது சரியா?
– ஈரோடு வாசகி

பதில்: சரியில்லை. அந்த வாசகத்தை நினைத்தபடியெல்லாம் அச்சடித்துவிட முடியாது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விளம்பர, உரிமைகோரல் விதிமுறைகள் அதற்கு நிபந்தனை வைத்திருக்கின்றன. வெள்ளைச் சர்க்கரை மட்டுமல்ல, குளுக்கோஸ், தேன் என எந்த வகைச் சர்க்கரையும் சேர்த்திருக்கக் கூடாது. சர்க்கரைக்குப் பதிலாக இனிப்பைத் தரும் பொருளும் கூடாது. அடர்த்தியாக்கிய பழச்சாறு, உலர்பழக் கூழ் ஆகியவற்றை விதியே உதாரணம் காட்டுகிறது. "பேரீச்சை பழம்தானே, இயற்கைச் சர்க்கரைதானே" என்று கம்பெனி வாதாடும். கேழ்வரகிலோ பாலிலோ தானாக இருக்கும் சர்க்கரைக்கு அந்த வாதம் பொருந்தும். இனிப்புக்காக ஊற்றிய சிரப்புக்கு எடுபடாது. சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து இறங்குவரிசையில் போட வேண்டும் என்பதால், மூன்றாவது இடம் என்பதே நிறையச் சொல்கிறது.

'பின்னாடி போட்டிருக்கு' என்பதற்கும் பதில் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி லேபிளும் மேலுறையும்கூட விளம்பரம்தான். 2022-இல் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்கள், முன்னால் சொன்ன தவறான வாசகத்தைப் பொடி எழுத்துக் குறிப்பால் சரிக்கட்ட முடியாது என்கின்றன. சுகர் மாத்திரையோடு வாழும் பெரியவருக்கு வாங்குகிறவர், கடை வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் எதிர்பார்க்கவில்லை.

மால்டோடெக்ஸ்ட்ரினைப் புகாரில் சேர்க்க வேண்டாம் என்பேன். ரத்தச் சர்க்கரையை அது வேகமாக ஏற்றும், உண்மைதான். ஆனால் சத்து அட்டவணையில் அது 'சர்க்கரை' கணக்கில் வராது, மாவுச்சத்தில்தான் வரும். அதை எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொண்டு, சிரப்பை மறக்கடித்துவிடுவார்.

இன்னொன்று. 'சுகர் ஃப்ரீ' வேறு, இது வேறு. முன்னதற்கு 100 கிராமில் 0.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது. 'நோ ஆடட் சுகர்' பாக்கெட்டில் மொத்தச் சர்க்கரை அதைவிடக் கூடுதலாக இருந்தாலே குற்றமாகிவிடாது. அட்டவணையில் மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை என்று தனித்தனி வரிகள் இருக்கும். இரண்டாவது வரியில் 0 என்று போட்டிருக்கிறார்களா, பாருங்கள். போட்டிருந்தால் உங்கள் கேஸ் இன்னும் பலம்.

எங்கே போவது? மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். தவறான லேபிளுக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 52-ஆவது பிரிவில் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அந்தப் பணம் அரசுக்குப் போகும், உங்களுக்கு வராது. நஷ்டஈடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. பிஸ்கட்டுக்கு அதற்கு மேல் போகாது! கெடு இரண்டு வருடம். உற்பத்தியாளரை முதல் எதிர்மனுதாரராகவும் கடையை இரண்டாவதாகவும் சேர்த்துக்கொள்ளுங்கள். தவறான லேபிள் உள்ள பொருளை விற்றவருக்கும் பொறுப்பு உண்டு. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு ஒரு போன் போடுங்கள். சில கம்பெனிகள் அந்தக் கட்டத்திலேயே பேச வந்துவிடும்.

லேபுக்குச் செலவழிக்க வேண்டாம். லேபிளில் உள்ளதே பொய் என்று சந்தேகப்பட்டால்தான் பரிசோதனை தேவை. அப்போதும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவுப்படி, பரிசோதனைக்கு அனுப்பப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். இங்கே கம்பெனியே எல்லாவற்றையும் அச்சடித்துக் கொடுத்திருக்கிறது. பேட்ச் எண், தயாரிப்புத் தேதி, 14 இலக்க உரிம எண் மூன்றும் தெரிகிற உறையைக் கசங்காமல் எடுத்து வையுங்கள். பில்லின் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும், இன்றைக்கே நகல் எடுங்கள்.

அப்பாவின் சர்க்கரை ஏறியதற்கான நஷ்டஈடு மட்டும் கஷ்டமான பகுதி. மாத்திரை விட்டுப்போனதா, வேறென்ன சாப்பிட்டார் என்று குறுக்குக் கேள்வி வரும். முந்தைய, பிந்தைய ரிப்போர்ட்டுகளோடு டாக்டரிடம் ஒரு குறிப்பு வாங்க முடிந்தால் கேளுங்கள். கிடைக்காவிட்டால், விலையைத் திரும்பக் கேட்டு, மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் நியாயமான ஒரு தொகை கேட்டு, அந்த வாசகத்தை நீக்க உத்தரவும் கேளுங்கள். எடுத்த எடுப்பில் பத்து லட்சம் கேட்டு வைக்காதீர்கள்.