ஆன்டிபாடி டெஸ்ட் எடுக்கலாமா? வடசென்னை வாசகர்களின் கேள்விகள்

ஆகஸ்ட் 2021. கொரோனா இரண்டாம் அலை கொஞ்சம் அடங்கியதிலிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஆன்டிபாடி டெஸ்ட் பற்றித்தான். பல வருடங்களாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள் என்ற முறையில், திரும்பத் திரும்ப வந்த சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

டாக்டரம்மா, மருந்துக்கடையில் 250 ரூபாய்க்கு விற்கும் கிட்டை வாங்கி வீட்டிலேயே பார்த்தேன், நெகட்டிவ். எனக்கு இதுவரை கொரோனா வரவே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? (கொருக்குப்பேட்டை)

இல்லை அம்மா. நீங்கள் செய்தது ஆன்டிஜென் டெஸ்ட். பெயர் ஒரே மாதிரி இருப்பதால் ரொம்பப் பேர் குழம்புகிறார்கள். ஆன்டிஜென் என்பது வைரஸின் துண்டு. மூக்கில் குச்சி விட்டு அதைத் தேடுகிறோம், இன்றைக்கு வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க. ஆன்டிபாடி என்பது வைரஸை எதிர்க்க நம் உடம்பு தயாரிப்பது, அதை ரத்தத்தில் பார்க்கிறோம். தொற்று வந்து ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் அது தெரியும் அளவுக்கு ஊறும். ஆகவே இன்றைக்குக் காய்ச்சல் என்றால் ஆன்டிபாடி டெஸ்டுக்குக் காசைச் செலவழிக்காதீர்கள். மூக்கு, தொண்டைச் சளியில் வைரஸின் மரபணுவைத் தேடும் ஆர்டி-பிசிஆர் எடுங்கள். காய்ச்சல் இருந்து வீட்டுக் கிட்டில் நெகட்டிவ் என்று வந்தாலும் அதேதான்.

போன வருடம் அரசாங்கமே ரேபிட் கிட்டுகளைத் திருப்பி அனுப்பியதே. அப்புறம் எப்படி நம்புவது? (பழைய வண்ணாரப்பேட்டை)

நியாயமான சந்தேகம். 2020 ஏப்ரலில் சீனாவிலிருந்து வந்த அவை ஆன்டிபாடி பார்க்கும் அட்டைகள், விரல் நுனி ரத்தத்தில் சில நிமிடத்தில் கோடு காட்டுபவை. ராஜஸ்தானில் சரிபார்த்தபோது 5.4 சதவீதம்தான் சரியாக இருந்தது. ஏப்ரல் 21-ஆம் தேதி மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் இரண்டு நாள் நிறுத்தச் சொன்னது, 27-ஆம் தேதி திருப்பி அனுப்பவே சொல்லிவிட்டது. தமிழ்நாடு 24 ஆயிரம் கிட்டுகளைத் திருப்பிக் கொடுத்தது.

இப்போது ஆய்வகங்களில் நடப்பது வேறு. கை நரம்பில் ரத்தம் எடுத்து எலைசா அல்லது கிளியா என்ற ஆய்வக முறையில் ஐஜிஜி என்ற வகை ஆன்டிபாடியைப் பார்க்கிறார்கள். புனே வைராலஜி நிறுவனம் உருவாக்கிய கோவிட் கவச் எலைசா என்ற கிட், தொற்று வந்துபோனவர்களில் நூற்றுக்கு 92 பேரைக் கண்டுபிடிக்கும், வராதவர்களில் நூற்றுக்கு 98 பேரை நெகட்டிவ் என்று சரியாகச் சொல்லும் என்று அறிவிக்கப்பட்டது. அந்த அட்டைகளோடு இதை ஒரே தராசில் வைக்க வேண்டாம்.

அப்படியானால் எனக்கு வந்த பாசிட்டிவ் 98 சதவீதம் உண்மைதானே? (தண்டையார்பேட்டை)

இதுதான் எல்லோரும் தவறும் இடம். ஒரு நிமிடம் கணக்குப் போடுவோம்.

நூற்றில் இரண்டு பேருக்கு மட்டும் தொற்று வந்துபோன ஓர் ஊர். ஆயிரம் பேரைச் சோதித்தால், வந்துபோன 20 பேரில் 18 பேர் பாசிட்டிவ். வராத 980 பேரிலும் நூற்றுக்கு இரண்டு வீதம் சுமார் 20 பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் வரும். அதாவது அந்த ஊரில் பாசிட்டிவ் என்று சீட்டு வாங்கியவர்களில் பாதிக்கு மேல் பொய்.

இப்போது உங்கள் ஊருக்கு வாருங்கள். 2020 ஜூலையில் சென்னையில் 12,405 பேரிடம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நகரம் முழுக்க 21.5 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி இருந்தது. தண்டையார்பேட்டை மண்டலத்தில் மட்டும் 44.2 சதவீதம். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற வீடுகள், பொதுக்குழாய், ஊரடங்கிலும் வெளியே போயே ஆக வேண்டிய தினக்கூலி வேலை. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அந்தத் தண்டையார்பேட்டையில் ஆயிரம் பேரைச் சோதித்தால், வந்துபோன 442 பேரில் 407 பேர் சரியான பாசிட்டிவ், தவறாக வருவது 11 பேர்தான். அதே கிட், அதே ஆய்வகம், அதே 98. இடம் மாறியதும் சீட்டின் மதிப்பே மாறிவிட்டது.

ஆகவே உங்கள் பாசிட்டிவைப் பெரும்பாலும் நம்பலாம். ஆனால் அதே ஆயிரம் பேரில் வந்துபோயும் நெகட்டிவ் காட்டுகிறவர்கள் 35 பேர். உங்கள் பகுதியில் நெகட்டிவைத்தான் நான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பேன்.

கோவிஷீல்டு இரண்டு டோஸும் போட்டேன். ஆன்டிபாடி நெகட்டிவ் என்கிறார்கள். ஊசி வீணா? (பெரம்பூர்)

பயப்படாதீர்கள். முதலில் அந்த டெஸ்ட் எதைத் தேடியது என்று கேளுங்கள். கோவிஷீல்டு நம் உடம்புக்குக் காட்டிக் கொடுப்பது வைரஸின் மேலிருக்கும் ஸ்பைக் என்ற முள்ளை மட்டும். சில கிட்டுகள் தேடுவதோ வைரஸின் உள்ளே இருக்கும் நியூக்ளியோகாப்சிட் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியை. தொற்று வந்தவருக்கு இரண்டும் இருக்கும், கோவிஷீல்டு மட்டும் போட்டவருக்கு இரண்டாவது இருக்காது. ஊசி வேலை செய்தாலும் அந்த டெஸ்ட் நெகட்டிவ்தான் காட்டும். கோவாக்சின் செயலிழக்கச் செய்த முழு வைரஸ் என்பதால் அதைப் போட்டவர்களிடம் இரண்டும் வரலாம். அது தவிர, ஆன்டிபாடி குறைந்தாலும், வைரஸை நினைவில் வைத்திருக்கும் நினைவு செல்கள் இருக்கின்றன, இந்த டெஸ்ட் அவற்றை எண்ணாது. ஊசி போட்ட பின் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்க்க ஆன்டிபாடி டெஸ்ட் எடுக்க வேண்டாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021 மே மாதமே சொல்லிவிட்டது. சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் போன்றோர் மட்டும் தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆன்டிபாடி சீட்டில் எனக்கு 18, என் கணவருக்கு 240. அவருக்குத்தான் எதிர்ப்பு சக்தி அதிகமா? (மாதவரம்)

வெவ்வேறு கிட், வெவ்வேறு அளவுகோல். ஒப்பிடவே கூடாது. இத்தனைக்கு மேல் இருந்தால் தொற்று வராது என்ற எல்லை இன்னும் வகுக்கப்படவில்லை.

ஆன்டிபாடி இருக்கிறதே, தடுப்பூசி வேண்டாம்தானே? (திருவொற்றியூர்)

வேண்டும். 2021 விதிப்படி, குணமாகி மூன்று மாதம் கழித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆன்டிபாடி சீட்டு கொண்டுவந்தால்தான் வேலை என்கிறார் முதலாளி. (காசிமேடு)

தம்பி, இதைப் படிக்கும்போது எனக்கு வேதனையாக இருந்தது. இந்தச் சீட்டு உங்களிடமிருந்து பிறருக்குத் தொற்று பரவாது என்றும் சொல்லாது, உங்களுக்கு மறுபடி வராது என்றும் சொல்லாது. நாள்கூலியிலிருந்து பிடுங்கி இதற்குக் கொடுக்க வைப்பது அநியாயம். முகக்கவசம் போட்டுவிட்டு, தடுப்பூசிச் சான்றிதழைக் காட்டுங்கள். மறுத்தால் இந்தப் பதிலை முதலாளியிடம் படிக்கக் கொடுங்கள்.

என் எட்டு வயது மகனுக்கு ஆன்டிபாடி டெஸ்ட் எழுதினார்கள். ஏன்? (வியாசர்பாடி)

இங்கே அந்த டெஸ்டுக்கு உண்மையான வேலை இருக்கிறது. தொற்று வந்து இரண்டு முதல் ஆறு வாரம் கழித்து, சில குழந்தைகளுக்கு உடம்பு முழுக்க அழற்சி வருகிறது. விடாத காய்ச்சல், சிவந்த கண், தடிப்பு, வயிற்றுவலி, வாந்தி. அதற்குள் மூக்கில் வைரஸ் போயிருக்கும், ஆர்டி-பிசிஆர் நெகட்டிவாக வரலாம். தொற்று வந்துபோனதா என்று டாக்டருக்குச் சொல்வது ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடிதான். உடனே எடுங்கள். மூன்று நாள் தாண்டிய காய்ச்சலோடு குழந்தை சோர்ந்தால், டெஸ்ட் முடிவுக்காக வீட்டில் காத்திருக்காமல் ஸ்டான்லிக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள்.

நல்ல ஆய்வகம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? (எண்ணூர்)

ஆய்வகங்களின் தரத்தைச் சரிபார்க்கும் தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். எலைசாவா கிளியாவா, ஸ்பைக்கா நியூக்ளியோகாப்சிட்டா என்று ரத்தம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத இடத்தில் கையை நீட்டாதீர்கள்.