ஜீரணமான கோயில்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர்ச் சிவன் கோயில் பத்திரிகை வந்தது. ‘ஜீர்ணோத்தாரண அஷ்டபந்தன மகா கும்பாபிஷேகம்’ என்று தலைப்பு. அதைப் படித்துவிட்டு என் மகள், “கோயிலுக்கு ஏம்ப்பா ஜீரணம்?” என்றாள். சிரித்து மழுப்பிவிட்டேன். வயிற்றில் ஆவதும் கோயிலில் ஆவதும் ஒரே சொல்தானா?

எம்.

அன்புள்ள எம்.,

ஒரே சொல்தான். மழுப்பியிருக்க வேண்டாம்.

வடமொழியில் ‘ஜீர்ண’ என்றால் பழசானது, நைந்துபோனது. நைந்த கோயிலைத் தூக்கி நிறுத்துவது ஜீர்ணோத்தாரணம். நாட்பட்ட காய்ச்சலுக்கு வைத்தியர்கள் வைத்த பெயர் ஜீரண சுரம். அதில் வயிற்றுக்கு வேலையே இல்லை. சாப்பிட்ட சோறும் உள்ளே போய் நைந்து உருவழிகிறது, அதனால் அதுவும் ஜீரணம். நையாமல் கிடந்தால் அஜீரணம். பாட்டிமார் வாயில் அசீரணம். ஆட்டுக்கறியாக வயிற்றுக்குள் போன வாதாபியை அகத்தியர் ‘ஜீர்ணோ பவ’ என்று முடித்ததும் இந்தச் சொல்லை வைத்துத்தான். குழந்தைக்குப் பால் புகட்டியதும் வயிற்றைத் தடவி அதையே சொல்லும் வீடுகள் இன்றும் உண்டு. ஓர் அசுரனைக் கொன்ற வாக்கியம், பாலாடைக்குப் பக்கத்தில்!

எனக்கு இதைவிடப் பிடித்தது, ஜீரணமானதற்கு வள்ளுவர் வைத்த சொல்: ‘அற்றது’. ‘மருந்தென வேண்டாவாம் யாக்கைக்கு அருந்தியது அற்றது போற்றி உணின்’ (942). அடுத்த குறளில் ‘அற்றால்’, அதற்கடுத்ததில் மறுபடி ‘அற்றது’. மருந்து அதிகாரம் முழுக்கத் தேடினாலும் ‘செரித்தல்’ கிடையாது. அறுதல் என்றால் இல்லாமல் போவது. உணவு நமக்குள் என்னவாகிறது என்பதைவிட, அது ஒழிந்ததா என்பதுதான் இரண்டு மொழிக்கும் கவலை.

‘செரிமானம்’ வருமானம், கட்டுமானம் வரிசையில் வருவது. செய்தித்தாளுக்கு அது போதும். ‘ஜீரணிக்க முடியவில்லை’யோ வயிற்றை விட்டே போய்விட்டது. இப்போது அதை அதிகம் பார்ப்பது இரங்கல் செய்திகளில்.

வயிற்றுக்கு மிஞ்சியது ‘கேஸ்’. பொருமல், உப்புசம், புளியேப்பம், நெஞ்செரிச்சல் என்று தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை எல்லாம் இந்த ஒன்று விழுங்கிவிட்டது. அதில் எனக்குக் கோபம் உண்டு. என் சித்தப்பா மார் வலிக்கு “கேஸா இருக்கும்” என்று இரண்டு கோலி சோடா உடைத்துக் குடித்துவிட்டு, வேர்க்க வேர்க்கத் திண்ணையில் அரை நாள் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் ஈசிஜி எடுத்தபோதுதான் இதயம் என்று தெரிந்தது. பிழைத்துக்கொண்டார். இப்போதும் அந்த நாளை “அந்த கேஸ் வந்தப்போ” என்றுதான் சொல்வார்.

அப்புறம், மகளிடம் சொல்லும்போது சீரகத்தைச் ‘சீர் + அகம்’ என்று பிரித்துவிடாதீர்கள். மேடையில் கைதட்டு வாங்கும்; ஆனால் அது வடமொழி ஜீரகம்தான்.