சம்பளத்துக்கு நிற்பவர்கள்

கேள்வி: கோடி கோடியாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு, தேசிய கீதம் ஒலிக்கும்போது எழுந்து நிற்காமல் மண்டியிட்டாரே அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக், அது நியாயமா? நம் கிரிக்கெட் வீரர்கள் இப்படிச் செய்வார்களா?
(வாசகர் ஒருவர், கும்பகோணம்)

பதில்: மண்டியிட்டதைவிடச் சம்பளம்தான் உங்களை உறுத்துகிறது என்று தெரிகிறது. நல்லது, கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

அந்த மைதானங்களில் தேசபக்திக்கும் சம்பளம் உண்டு. 2015-இல் மெக்கெய்ன், ஃப்ளேக் என்ற இரண்டு செனட்டர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இருவரும் குடியரசுக் கட்சிக்காரர்கள். மெக்கெய்ன் வியட்நாமில் போர்க்கைதியாக இருந்தவர். 2012 முதல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை விளையாட்டு அணிகளோடு 68 லட்சம் டாலருக்கு விளம்பர ஒப்பந்தம் போட்டிருந்தது என்றும், அதில் ஒரு பகுதி எதற்குப் போனது என்றும் அதில் எழுதியிருந்தார்கள். மைதானம் முழுக்கக் கொடியை விரிப்பது, போர்முனையிலிருந்து திரும்பிய சிப்பாயைக் கைதட்டி வரவேற்பது, கீதம் பாடுவது என எல்லாவற்றுக்கும் காசு. கண் கலங்கியபடி பார்த்த ரசிகருக்கு, தன் வரிப்பணத்தில் நடக்கும் விளம்பரம் அது என்று யாரும் சொல்லவில்லை. அம்பலமான பிறகு அமெரிக்கக் கால்பந்து லீக் (நாம் காலால் உதைக்கும் ஆட்டம் அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) ஏழு லட்சம் டாலருக்கு மேல் திருப்பிக் கொடுத்தது. இன்னொன்றும் உண்டு: 2009 வரை இரவு நேரத் தொலைக்காட்சி ஆட்டங்களில் கீதம் ஒலிக்கும்போது வீரர்கள் பெரும்பாலும் உடைமாற்றும் அறையில்தான் இருந்தார்கள். அப்போது எந்தக் கொடிக்கும் குறை வந்ததாகத் தெரியவில்லை.

கேப்பர்னிக் முதலில் மண்டியிடவில்லை. 2016 ஆகஸ்டில் பெஞ்சில் உட்கார்ந்துதான் இருந்தார். கறுப்பின மக்களைப் போலீஸ் சுட்டுக் கொல்வதைக் கண்டித்துத்தான் அப்படிச் செய்வதாகவும் சொன்னார். நேட் பாயர் என்ற முன்னாள் சிறப்புப் படை வீரர் அவரைச் சந்தித்து, உட்காராதே, மண்டியிடு, இறந்த தோழனின் கல்லறை முன் சிப்பாய் அப்படித்தான் மரியாதை செய்வான் என்று யோசனை சொன்னார். அந்தச் செப்டம்பர் முதல் தேதி சான் டியேகோவில் முழங்கால் தரையைத் தொட்டது. ராணுவத்தை அவமதித்ததாகக் குதித்தவர்கள், அது ராணுவத்துக்காரர் சொல்லிக்கொடுத்தது என்பதை வசதியாக மறந்துவிட்டார்கள். மறு வருஷம் அதிபர் டிரம்ப், இப்படிப்பட்டவனை வேலையை விட்டுத் துரத்துங்கள் என்று அலபாமா கூட்டத்தில் முழங்கினார். அவனுடைய தாயாரையும் இழுத்து ஒரு வசவு சேர்த்துத்தான். அச்சில் ஏற்ற என் பத்திரிகைக்கு வயது போதாது. அதற்கு முன்பே, 2017 மார்ச்சிலிருந்து எந்த அணியும் கேப்பர்னிக்கைச் சேர்க்கவில்லை. ஆக, உங்களை உறுத்திய சம்பளமும் போயிற்று. இனி நிம்மதியாகத் தூங்கலாம்.

சம்பளமே வாங்காதவர்களை மட்டும் விட்டுவைத்தார்களா? 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் டாமி ஸ்மித், ஜான் கார்லோஸ் என்ற இரண்டு கறுப்பின அமெரிக்கர்கள் தம்படி வாங்காமல் ஓடியவர்கள். ஸ்மித் 200 மீட்டரை 19.83 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். பதக்க மேடைக்குக் காலணி இல்லாமல், கறுப்புக் காலுறையோடு ஏறினார்கள். கார்லோஸ் கையுறையை மறந்துவிட்டு வந்ததால் ஒரே ஜோடியை வலது, இடது என்று பங்கு போட்டுக்கொண்டு, கீதம் ஒலிக்கும்போது இனப் பாகுபாட்டைக் கண்டித்துக் கையை உயர்த்தினார்கள். உடனே அனுப்பிவைத்தார்கள். வெள்ளிப் பதக்கத்தோடு பக்கத்தில் நின்ற ஆஸ்திரேலிய வெள்ளையர் பீட்டர் நார்மன் கையைக்கூட உயர்த்தவில்லை, மார்பில் ஒரு மனித உரிமைச் சின்னத்தைக் குத்திக்கொண்டதோடு சரி. ஊர் திரும்பிய அவரை நடத்திய விதத்துக்காக அவர் நாட்டு நாடாளுமன்றம் 2012-இல் அவரிடம் மன்னிப்புக் கேட்டது. அவர் இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவருடைய சவப்பெட்டியைச் சுமந்தவர்கள் ஸ்மித்தும் கார்லோஸும்.

இவ்வளவு பாடுபடுத்தும் அந்த அமெரிக்கக் கீதத்தின் மெட்டு எங்கிருந்து வந்தது தெரியுமா? பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் கனவான்கள் கூடிப் பாடிக் குடித்த ஒரு சங்கத்தின் பாட்டிலிருந்து. மதுவைப் புகழ்ந்தது. குரல் மேலே மேலே ஏறிக்கொண்டே போகும், பெரிய பாடகர்களே மூச்சு வாங்குவார்கள். நிற்க முடியாத நிலையில் இருந்தவர்கள் பாடிய மெட்டுக்கு, நிற்கவில்லை என்று ஒருவர் வேலை போயிற்று. நம்மூரிலும் 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தியேட்டரில் கீதத்தைக் கட்டாயமாக்கி, 2018 ஜனவரியில் கட்டாயமில்லை என்றது. இடைப்பட்ட காலத்தில் பாப்கார்னைக் கீழே வைப்பதா, பிடித்துக்கொண்டே நிற்பதா என்ற சங்கடத்தைப் பற்றியும், அந்தப் பாப்கார்னின் விலையைப் பற்றியும் இங்கே எழுதினேன். அதைப் படித்த ஒரு தியேட்டர்காரர் நம் பத்திரிகைக்குத் தந்துவந்த விளம்பரத்தை நிறுத்திவிட்டார். விலை இன்னும் குறையவில்லை என்பதை அவருக்கு மறுபடியும் தெரிவித்துக்கொள்கிறேன்.

நம் கிரிக்கெட் வீரர்கள் செய்வார்களா என்கிறீர்கள். செய்தாயிற்று ஐயா! 2021 அக்டோபர் 24, துபாய், டி20 உலகக் கோப்பை. கீதத்தின்போது அல்ல, ஆட்டம் தொடங்கும் முன் இனவெறிக்கு எதிராக இந்திய அணி மண்டியிட்டது. நிர்வாகம் சொன்னது, செய்தோம் என்றார் கேப்டன் கோலி. இரண்டு நாள் கழித்து, மண்டியிட்டே ஆகவேண்டும் என்ற தென்னாப்பிரிக்க வாரியத்தின் உத்தரவை ஏற்காமல் டி காக் ஆட்டத்திலிருந்தே விலகி, பிறகு மன்னிப்புக் கேட்டு மண்டியிட்டார். அமெரிக்காவில் நிற்கச் சொல்லி உத்தரவு, இங்கே மண்டியிடச் சொல்லி உத்தரவு. நம்மவர்கள் மண்டியிட்டது உங்களுக்கு நினைவில்லாததில் வியப்பில்லை. அன்றுதான் பாகிஸ்தானிடம் 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றோம்.