கனி நிறைந்த மரமும் அதன் பொந்தும்

கேள்வி: கிளை கொள்ளாத கனிகளோடும் அடிமரத்தில் பெரிய பொந்தோடும் நிற்கும் ஒரு மரத்தின் ஓவியத்தைப் பார்த்தேன். செல்வம் பெருகியவரின் உள்ளம் வெறுமையானது என்பதே அதன் பொருள் என்றார் உடன் வந்த நண்பர். இயற்கைக் காட்சியில் இப்படிப் பொருள் தேடுவது சரிதானா?

பதில்: தேடுவது சரி, ஆனால் உங்கள் நண்பர் தேடவில்லை. கனி என்றால் செல்வம், பொந்து என்றால் வெறுமை என்று கணக்கை முடித்துவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டார். இந்த ஒரு வரியைச் சொல்வதற்கு ஓவியர் தூரிகையை எடுத்திருக்கவே வேண்டாம்.

முதலில் மரத்தைப் பார்ப்போம். முதிர்ந்த மரத்தின் நடுவிலுள்ள வைரப்பகுதி பெரும்பாலும் உயிரற்றது. நீரையும் உணவையும் கடத்தும் திசுக்கள் பட்டையை ஒட்டியே இருப்பதால், பூஞ்சை நடுப்பகுதியை அரித்துப் பொந்தாக்கிய பின்னும் மரம் பல ஆண்டுகள் காய்த்துக்கொண்டிருக்க முடியும். இருவாச்சி முட்டையிடுவதும் அத்தகைய பொந்தில்தான். ஆகவே நிறைவும் வெறுமையும் ஒரே மரத்தில் இருப்பது முரண் அன்று; ஓவியர் இதை அறிந்து வரைந்திருந்தால், அந்தப் படம் செல்வந்தர் எவரையும் குற்றம் சாட்டவில்லை.

நண்பரின் முறை பொருந்தும் படங்களும் உண்டு. 17ஆம் நூற்றாண்டின் நெதர்லாந்து ஓவியர்கள் மண்டையோட்டையும் அணைந்த மெழுகுவர்த்தியையும் வைத்து நிலையாமையைச் சொன்னபோது, அக்காலப் பார்வையாளர்களுக்கு அந்தக் குறியீடுகள் ஏற்கெனவே பழக்கமானவை.

வின்சென்ட் வான்கோ 1890 ஜூலையில் வரைந்த, காகங்கள் பறக்கும் கோதுமை வயலுக்கு அந்த முறை உதவாது. காகம் சாவின் அறிகுறி என்றும், அதுவே அவருடைய கடைசிப் படம் என்றும் பலர் சொல்லிவருகிறார்கள். பின்னது தவறு, முன்னது அவசரம். கலங்கிய வானத்தின் கீழ் விரிந்த வயல்களில் துயரத்தையும் மிகுந்த தனிமையையும் வெளிப்படுத்த முயன்றதாக அவர் அம்மாதம் தம்பி தியோவுக்கு எழுதினார். நாட்டுப்புறத்தில் தாம் காணும் நலமும் வலுவும் அதே படங்களில் தெரியும் என்றும் அக்கடிதத்திலேயே சேர்த்துக்கொண்டார். இரண்டையும் அவர் தனித்தனிப் பொருள்களில் ஏற்றவில்லை. 50 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு மீட்டருக்கும் சற்று அதிகமாக நீளும் அந்தத் துணியில், விளைந்து முற்றிய மஞ்சள்தான் நிறைவு. மனிதர் ஒருவரும் இல்லாமல், நடுப்பாதை கதிர்களுக்குள் மறைந்துபோக, கண் தங்க இடமின்றி அலைவதும் அதே மஞ்சளில்தான்.

மறுமுறை உங்கள் ஓவியத்தின் முன் நிற்கும்போது கனிகளை விட்டுவிட்டுப் பொந்தை மட்டும் பாருங்கள். அது தட்டையான கறுப்பாகப் பூசப்பட்டிருந்தால் ஓவியரும் உங்கள் நண்பரைப் போலவே அவசரக்காரர். நண்பர் சொன்னதே அதன் பொருள், அதற்கு மேல் அங்கே ஒன்றுமில்லை. பொந்தின் விளிம்பிலும் உட்சுவரிலும் கனிகளுக்குக் கொடுத்த அதே கவனத்தோடு நிறம் இடப்பட்டிருந்தால், நண்பரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு இன்னும் சற்று நேரம் நின்று பாருங்கள்.